கற்பிட்டிக்கு வடக்கே ஒரு மணல் தீவு

உங்கள் பிள்ளைகளின் வரைபடப் புத்தகத்தை எடுத்து இலங்கையின் மேற்குக் கரையைச் சற்று உற்றுப் பாருங்கள். சிலாபத்துக்கு வடக்கே, தரையிலிருந்து ஒரு விரல் மட்டும் பிரிந்து வடதிசை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அதுதான் கற்பிட்டிக் குடாநாடு. அந்த விரலுக்கும் தரைக்கும் நடுவில் அடைபட்டுக் கிடக்கும் நீர்ப்பரப்பைத்தான் புத்தளம் களப்பு என்கிறோம். ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்பு. விரல் முடிகிற இடத்தில் நிலம் முடிந்துவிடுவதில்லை. உச்சமுனை, இப்பந்தீவு, பெரிய அரிச்சாலை, சின்ன அரிச்சாலை, எரமுதீவு, பள்ளியாவத்தை என்று களப்பிலும் கடலிலுமாக மணல் திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் வடக்கே கடைசியாகக் கிடப்பது பத்தலங்குண்டு. அதற்கு அப்பால் மன்னார் வளைகுடாதான்.

தூர தேசத்துத் தீவுகளைப் பற்றி எழுதுவதற்கு ஆட்கள் நிறைய உண்டு. இந்தோனேசியாவில் 17,000க்கும் மேற்பட்ட தீவுகள் இருக்கின்றன. அவற்றின் ஏதோவொரு மூலையில் நாற்பது வீடுகள் கொண்ட குடியிருப்பு என்றால் படத்துடன் கட்டுரை வந்துவிடுகிறது. ஆனால் புத்தளத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் பத்தலங்குண்டைப் பார்த்திருக்கிறோம்? அந்தப் பெயரைக் கருவாட்டுக் கடையில் கேள்விப்பட்டிருப்போம். அவ்வளவுதான். அங்கே பெண்கள் சமைக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்பது நம் நினைவுக்கு வருவதேயில்லை.

கொழும்பிலிருந்து புத்தளம் வரும் பெருவழியில் பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால் கற்பிட்டி ஏறத்தாழ 40 கிலோமீற்றர். பாலாவியில் உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். அதைத் தாண்டினால் தென்னையும், வெங்காயப் பாத்தியும், மிளகாய்த் தோட்டமும். நுரைச்சோலையில் நிலக்கரி மின் நிலையம். அதன் முதற்பகுதி 2011இல் இயங்கத் தொடங்கி, 2014இல் மூன்று பகுதிகளும் சேர்ந்து 900 மெகாவோற் என்றாயிற்று. வழிநெடுகக் கழுதைகள் யாருக்கும் பயப்படாமல் வீதியின் நடுவில் நிற்கும். அந்தக் காலத்து அரபு வணிகர்கள் கொண்டுவந்து விட்டவை என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஹோர்ன் அடித்தாலும் நகராத அவற்றின் குணத்தைப் பார்த்தால், வந்த விருந்தாளிகள் வீட்டுக்காரர்களாகி வெகுகாலம் ஆகிவிட்டது என்றுதான் தோன்றும்.

கற்பிட்டி இன்று ஒரு சிறு பட்டினம். ஆனால் அது ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடித்த கோட்டை இன்னும் களப்போரத்தில் உறுதியாக நிற்கிறது. தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்த சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்தது இவ்வூரில்தான். அதற்கெல்லாம் வெகு முன்னதாக, 1344இல், மாலைதீவில் காழியாக இருந்துவிட்டுப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல் இந்தக் கரையில்தான் ஒதுங்கியது. அவர் 'பத்தாலா' என்று குறித்திருக்கும் ஊர் நமது புத்தளம் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அங்கே ஆரியச் சக்கரவர்த்தி தம் முன்னால் முத்துக்களைக் கொட்டிக் காட்டியதையும், அந்த மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியதையும் அவர் எழுதிவைத்தார். மன்னர் என்ன வேண்டும் என்று கேட்டபோது, பாவா ஆதம் மலைக்குப் போய்வர வழித்துணை மட்டும் போதும் என்றாராம். பல்லக்கும், ஆட்களும், வழியுணவும் கிடைத்தன. அரபுக் கல்லூரியில் அந்தப் பயண நூலை நாங்கள் வாசித்த நாளில், நம் ஊர்ப் பெயரைக் கண்டதும் வகுப்பே எழுந்து நின்றது எனக்கு இன்னும் ஞாபகம்.

கற்பிட்டித் துறையில் போட் ஏறினால் பத்தலங்குண்டு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். காற்றைப் பொறுத்துக் கூடும், குறையும். நான் போன போட்டில் மனிதர்களைவிடச் சாமான்கள் அதிகம். அரிசி மூடை, ஐஸ் பெட்டிகள், மண்ணெண்ணெய்க் கேன்கள், குழந்தைக்குப் பால்மா, ஒரு புதிய பிளாஸ்டிக் கதிரை, இவற்றோடு குடிதண்ணீர்க் கேன்கள். நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊருக்குத் தண்ணீரை ஏற்றிக்கொண்டு போகிறோமே என்று ஒரு பயணி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். போட்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

வாடியும் வீடும்

பத்தலங்குண்டு உயரமில்லாத, ஒடுங்கி நீண்ட மணல் திட்டு. கரையில் வரிசையாகப் போட்டுகள். அவற்றின் பின்னால் கிடுகு வேய்ந்த வாடிகள். மீன்பிடிப் பருவத்துக்கென்று வந்து தங்கும் குடிசையை இந்தக் கரையோரம் முழுதும் வாடி என்றுதான் சொல்வார்கள். இங்குள்ளவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களுடைய மூத்தோர் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து மீனைத் தொடர்ந்து வந்தவர்கள். வீட்டுக்குள் தமிழ், வெளியே சிங்களம் என்று இரண்டு மொழியும் அவர்கள் நாவில் புரளும். தேவாலயம் உண்டு, சிறிய பாடசாலை உண்டு, கடற்படையினர் உண்டு. கூரைகளில் அங்கங்கே சோலர் தகடுகள்.

நம் கடல் தொழிலுக்குக் காற்றுத்தான் நாட்காட்டி. வைகாசி வாக்கில் சோழகக் காற்று கிளம்பிவிட்டால் மேற்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது சிலர் வாடியைப் பிரித்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். சிலர் கிழக்குக் கரைக்குத் தொழிலுக்குப் போவார்கள். சோழகம் தணிந்து ஒக்டோபர் வந்ததும் திரும்புவார்கள். இப்படி வந்து போன வாடிகளில் சில, காலப்போக்கில் போகாத வீடுகளாகிவிட்டன. எது வாடி, எது வீடு என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய முடியாது. இரண்டுக்கும் கிடுகுதான். ஆனால் அதிகாரியின் கோப்பில் இந்த வித்தியாசம் பெரிது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆண்கள் கடலுக்குப் போய்விட்டால் கரை முழுவதும் பெண்களின் ராச்சியம். போட் வந்து சேர்ந்ததும் நல்ல மீன் ஐஸ் பெட்டிக்குள் போய்க் கற்பிட்டிக்கு ஏறிவிடும். எஞ்சியது கருவாட்டுக்கு. செதிள் சுரண்டி, வயிற்றைக் கீறிக் குடல் எடுத்து, கடல்நீரில் அலசி, உப்பு அடுக்கி, ஓர் இரவு தொட்டியில் ஊறவிட்டு மறுநாள் வெயிலில் போடுகிறார்கள். கட்டா, பாரை போன்ற தடித்த மீன்களுக்கு மூன்று நாலு நாள் வெயில் வேண்டும். நெத்தலிக்கு நல்ல வெயில் ஒரு நாள் கிடைத்தாலே போதும். மணலில் விரித்தால் மண் ஒட்டும், ஈ மொய்க்கும், விலை விழும். வலையை இழுத்துக் கட்டி இடுப்பளவு உயரத்தில் பரண் போட்டு உலர்த்துகிற பெண்கள் கூடுதல் விலை வாங்குகிறார்கள். வாங்கும்போது கருவாட்டை விரலால் தட்டிப் பாருங்கள் சகோதரிகளே. மணல் உதிர்ந்தால் அது தரையில் காய்ந்தது.

இவ்வளவு உழைப்பும் யார் கணக்கில் சேர்கிறது? மீன் பிடித்தவர் கணவர், போட் சம்மாட்டியுடையது, முற்பணம் முதலாளியுடையது. பருவம் தொடங்குமுன் வலைக்கும் எண்ணெய்க்கும் முற்பணம் கொடுத்த முதலாளியிடம்தான் சரக்கைக் கொடுக்க வேண்டும். விலையைச் சொல்பவரும் அவரே. அந்த முதலாளிமாரில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. புறக்கோட்டையில் ஒரு கிலோ கருவாடு என்ன விலைக்குப் போகிறது என்று தீவிலுள்ள பெண்ணுக்கு இப்போது கைத்தொலைபேசியில் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் வேறிடத்தில் விற்க முடியாது என்பதுதான் கடன் செய்கிற வேலை. அதற்கு மேல், வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்திறங்கும் நெத்தலி வேறு சந்தையை நிரப்புகிறது.

2022இல் நாடு பட்ட கஷ்டம் உங்களுக்குத் தெரியும். நாம் கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றோம். அந்த வருடம் ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியது. சிறிய போட்டுகளின் எஞ்சின்கள் ஓடுவது மண்ணெண்ணெய்யில். ஒரு தடவை கடலுக்குப் போய்வர எரியும் எண்ணெய்யின் விலைக்கு மீன் படாத நாட்களில் போட்டுகள் கரையேறிக் கிடந்தன. அந்த மாதங்களில் பல வீட்டுப் பெண்களின் காதும் கழுத்தும் வெறுமையாயின. அந்த நகைகள் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கின்றன என்று இரண்டு பெண்கள் சொன்னார்கள்.

கிணற்றடியில்

லுஹர் நேரம் வந்தது. ஒரு வாடியின் முன்னால் நின்ற தாய், நான் கேட்காமலே ஒரு சிறு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, "மௌலவி, கைகால் கழுவத் தேவைப்படும் எண்டு எனக்குத் தெரியும். எங்கட ஆக்களோட மன்னார் ஆக்களும் தொழில் செஞ்சவங்க" என்றார். நான் நன்றி சொல்லி வாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடலில் வுழுச் செய்தேன். கடல் நீர் வுழுவுக்கு ஆகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நமது ஃபிக்ஹு நூல்களைத் திறந்தால் முதல் பாடமே தண்ணீர்தான். மழைநீர், கடல்நீர், ஆற்றுநீர், கிணற்றுநீர் என்று வகை பிரித்துக்கொண்டுதான் ஆசிரியர் மேலே போவார். மாணவனாக இருந்தபோது, இவ்வளவு சாதாரண விஷயத்துக்கா முதல் பாடம் என்று நினைத்ததுண்டு. பத்தலங்குண்டில் ஒரு வாளி நல்ல தண்ணீரை அந்தத் தாய் ஏந்தி வந்த விதத்தைப் பார்த்தபோது, பாடத்தை ஏன் அங்கே வைத்தார்கள் என்று புரிந்தது.

கடல் நடுவே மணலில் குழி தோண்டினால் நல்ல தண்ணீர் எப்படி ஊறுகிறது? இதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். மழைநீர் மணலில் இறங்குகிறது. அடியில் கடல்நீர் இருக்கிறது. உப்புநீர் கனமானது, நன்னீர் அதைவிட இலேசானது. ஆகவே சோற்றுக் கஞ்சியின் மேல் ஆடை மிதப்பது போல நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிவரை நன்னீர் இருக்கும் என்பது அறிவியல் கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவிடும். ஒடுங்கிய தீவில் அந்த ஓர் அடிகூடத் தேறாது, சில அங்குலங்கள்தான். வாளியில் மொண்டால் ஊற்று ஈடுகொடுக்கும். மோட்டார் வைத்து இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். அப்படி உவர்த்த கிணறு பழைய நிலைக்குத் திரும்ப ஒன்றிரண்டு மழைக்காலம் போதாது.

தீவின் கிணற்று நீர் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. குடிக்கவும் குழந்தைக்குப் பால் கரைக்கவும் பலர் கற்பிட்டியிலிருந்து கேனில் எடுப்பிக்கிறார்கள். அங்கேதான் இன்னொரு சிக்கல். குடாநாட்டுக் கிணறுகளும் இதே மணல் கிணறுகள். தோட்டங்களுக்கு ஆண்டுக்கணக்கில் போட்ட பசளை மணலில் வடிந்து கிணற்று நீரில் நைத்திரேற்றாகக் கலந்திருக்கிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கற்பிட்டிப் பகுதித் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பெரியவர்களைவிடக் கைக்குழந்தைகளுக்குத்தான் அது ஆபத்து. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி குறைந்து குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரித்துவிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அது செறிவுதான் கூடும். ஆகவே தோட்டத்தை ஒட்டிய கிணற்று நீரில் பால்மா கரைக்கிற உம்மாமார், கொதிக்க வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு நீரைப் பரிசோதிக்க வழி செய்துகொள்ளுங்கள். தாய்ப்பாலே போதுமான குழந்தைக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

அம்மாவும் பிள்ளைகளும் ஒரு கரையில்

தீவிலே சின்ன வகுப்புகளை ஒருவாறு படித்துவிடலாம். உயர்தரம் என்றால் கற்பிட்டிக்குத்தான் வரவேண்டும். இரண்டு மணி நேரக் கடல் தாண்டித் தினமும் பள்ளிக்கு வந்துபோக முடியுமா? பிள்ளை வளர்ந்ததும் தாய் கற்பிட்டியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு வந்துவிடுகிறாள். தகப்பன் தீவில். சனி, ஞாயிறு காற்று விட்டால் சந்திப்பு. தாய் கரைக்கு வந்ததும் கருவாட்டு வருமானம் நின்றுவிடுகிறது, புதிதாக அறை வாடகை சேர்ந்துகொள்கிறது. இரண்டு மூன்று வருடம் இப்படி இழுபட்டபின் குடும்பத்துக்கு இரண்டே வழி. ஒன்று தகப்பனும் வந்துவிடுவது, அல்லது பிள்ளையின் படிப்பு நின்று தீவுக்குத் திரும்புவது. ஆண்பிள்ளையானால் பதினைந்து வயதில் போட்டில் ஏறிவிடுகிறான். பெண்பிள்ளையானால் கல்யாணப் பேச்சு. பிரசவமும் இப்படித்தான். எட்டாம் மாதம் ஆனதும் கர்ப்பிணிகள் கற்பிட்டியிலோ புத்தளத்திலோ சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்குகிறார்கள். சொந்தக்காரர் இல்லாதவள் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

ஒரு தீவுக் குடியிருப்பு நிலைக்குமா, கலையுமா என்று கேட்பவர்கள் மீன் வளத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அதுவும் முக்கியம்தான். குடாநாட்டுக்கு மேற்கே கடலடியில் பரந்துள்ள பவளப்பாறைத் திட்டு 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி அதன் பவளங்கள் வெளுத்து மடிந்தன. மீன் குஞ்சு பொரிக்கும் இடம் அது. ஆயினும் என் மனத்தில் பட்டது வேறு. ஆண்கள் மீன் உள்ளவரை எந்த மணல் திட்டிலும் கிடப்பார்கள். தாய் தங்கினால்தான் அது ஊர். தாய் தங்குவது தண்ணீரில் இருக்கிறது.

உறுதி இல்லாத ஊர்

இப்போது கோப்புக்கு வருவோம். கற்பிட்டியைப் பெரிய உல்லாசப் பயண மையமாக்கும் திட்டம் 2000களில் வந்தது. 14 தீவுகள், ஏறத்தாழ 4,000 ஏக்கர். பத்தலங்குண்டும் உச்சமுனையும் அந்தப் பட்டியலில் உண்டு. 2009இல் போர் முடிந்ததும் திட்டத்துக்கு வேகம் பிறந்தது. சில தீவுகள் கம்பனிகளுக்குக் குத்தகைக்குப் போயின. கரையை வேலி போட்டு மறிக்கிறார்கள், கரைவலை இழுக்க இடமில்லை என்று மீனவர்கள் முறையிட்டார்கள். காகிதத்தில் இருந்த அளவுக்குத் திட்டம் எழும்பவில்லை. ஆலங்குடா, கண்டல்குழிப் பக்கம் விடுதிகள் வந்தன. டொல்பின் பார்க்கவும், பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்கி விளையாடவும் வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். அதனால் நம் பிள்ளைகள் சிலருக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் விடுதியின் குளியலறைக்கும் நீச்சல் தடாகத்துக்கும் மோட்டார் இறைக்கிற நீரும், பக்கத்து வாடியின் வாளி நீரும் ஒரே ஆடையிலிருந்துதான் வருகின்றன.

தீவில் இருப்பவர்களிடம் உறுதி இல்லை. நிலம் அரசுடையது. பருவத்துக்கு வந்து போகிறவர்கள் என்று கோப்பு சொல்கிறது. முப்பது வருடமாகப் போகாமலே இருப்பவளும் அந்தக் கோப்பில் வந்து போகிறவள்தான்.

நம் சமுதாயத்துக்கு இந்த வேதனை புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற மன்னார்த் தீவு ஊர்களின் மக்கள் வள்ளங்களில் ஏற்றப்பட்டு, இந்தத் தீவுகளைக் கடந்துதான் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். அன்று கற்பிட்டி வீடுகள் ஒவ்வொன்றிலும் அடுப்பு அணையவில்லை. வந்தவர்களில் பலர் காணி உறுதியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தவர்கள். உறுதி இருந்தது, ஊர் போய்விட்டது. பத்தலங்குண்டுக்காரர்களுக்கு ஊர் இருக்கிறது, உறுதி இல்லை. 2009க்குப் பிறகு நம்மவர்களில் ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். போனவர்கள் கையில் அந்தக் காகிதம் இருந்ததால்தான் காடு மண்டிக் கிடந்த இடத்தில் நின்றுகொண்டு இது என் வளவு என்று சொல்ல முடிந்தது.

மாலைதீவிலும் தீவைவிட்டு மக்கள் இடம்பெயர்ந்ததுண்டு. றா அட்டோலில் கந்தொல்ஹுதூ என்ற சின்னஞ்சிறு தீவில் ஏறத்தாழ நாலாயிரம் பேர் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அந்த ஊரை அழித்தது. நாலு வருடம் அங்குமிங்கும் தங்கியபின், செஞ்சிலுவைச் சங்கம் துவாஃபரு என்ற ஆளில்லாத தீவில் கட்டிக் கொடுத்த வீடுகளில் அவர்கள் குடியேறினார்கள். அங்கே தீவுவாசி என்பவன் நாட்டின் சாதாரணப் பிரசை. ஆகவே இன்ன தீவு போனால் இன்ன தீவு என்று அரசு பதில் சொல்லியே ஆகவேண்டும். நம் மணல் திட்டுகளில் இருப்பவர்கள் விஷயத்தில் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

தண்ணீருக்கு வழி இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபதுக்கு இருபத்தைந்து அடிக் கூரை என்றால் 500 சதுர அடி. அதன்மேல் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் சுமார் 4,600 லீற்றர் விழும். சிந்தியதும் வழிந்ததும் கழிந்து 4,000 என்று வையுங்கள். எங்கள் பகுதியில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீற்றர் பெய்கிறது. பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஒரு தொட்டியும் பீலியும் இருந்தால் ஐந்து பேர் கொண்ட குடும்பம் சமைக்கவும் குடிக்கவும் அடுத்த சோழகம் வரை தாராளமாகப் போதும். கேன் வாங்க வேண்டாம், நைத்திரேற்றுப் பயமும் இல்லை.

ஆனால் கிடுகுக் கூரையில் மழைநீர் பிடிக்க முடியாது. அழுக்கும் பூச்சியும் ஊறிச் சாயமாக வடியும். தகடோ ஓடோ வேண்டும். தகடு தாங்கச் சுவர் வேண்டும். நாளைக்கு எழும்பு என்று சொல்லப்படக்கூடிய மணலில் எவர் சுவர் எழுப்புவார்? எழுப்ப யார் அனுமதிப்பார்? ஆகவே காகிதம் இல்லாததால் கூரையில்லை. கூரையில்லாததால் தண்ணீரில்லை. தண்ணீரில்லாததால் தாய் கரைக்குப் போகிறாள். தாய் போய்விட்ட தீவைப் பார்த்து, இங்கே குடும்பங்கள் இல்லை, வாடிகள்தான் இருக்கின்றன என்று எழுதுகிறார்கள்.

அரசு காணிக்கு அனுமதிப் பத்திரம் வழங்கும்போது பெண்ணின் பெயரையும் கேட்டு வாங்க வேண்டும் என்பதை இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். இது நம் வீடுகளுக்கும் பொருந்தும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பின்னுரித்து எழுதாமல் அனுமதிக்காரர் இறந்தால் பிள்ளைகளில் ஆணுக்கே முதலிடம் என்றிருந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. புத்தளம் மாவட்டத்தில் அனுமதிப் பத்திரக் காணியில் வீடு கட்டியிருக்கும் சகோதரிகள் அந்தக் காகிதத்தை ஒருதரம் எடுத்து, யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

போட் புறப்படுமுன், வாளியில் தண்ணீர் கொண்டுவந்த அந்தத் தாய் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். தகரம் கடற்காற்றில் துருவேறாமல் மெழுகு தடவி வைத்திருந்தார். உள்ளே பொலித்தீனில் சுற்றிய காகிதங்கள். நாலு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டைகள், பாடசாலை அனுமதிக் கடிதம், வாக்காளர் இடாப்பின் பிரதி. "நான் இங்க பிறந்த ஆளில்ல மௌலவி. ஆனா இவ்வளவு வருசமும் இங்கதான் இருந்தன் எண்டு காட்ட இது காணுமா?" என்று கேட்டார். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழும், கணவர் பெயரில் உள்ள மீன்பிடி அனுமதியின் பிரதியும் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். கற்பிட்டிப் பிரதேச செயலகத்தில் கொடுக்கும் விண்ணப்பத்தை நானே எழுதித் தருவதாகவும் சொல்லிவிட்டு வந்தேன். எழுதி அனுப்பியாயிற்று. இன்னும் பதில் வரவில்லை.